மதுரையிலிருந்து ஒரு கன்சோல் கேமை விற்பது எப்படி: விலை, விளம்பரம், விற்பனை பற்றி ஒரு முழுமையான வழிகாட்டி

2023 ஜூலை 31 அன்று 'வெண்பா' என்ற சிறிய கேம் ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் ஆகிய கன்சோல்களுக்கும் (கேம் ஆடுவதற்கென்றே விற்கும் பெட்டிகள்) கணினிக்கும் வெளியானது. கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் பழைய சமையல் குறிப்பேட்டில் அழிந்துபோன வரிகளை ஊகித்து, இட்லியும் பிரியாணியும் சமைக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். விலை 14.99 டாலர். மறு ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா கேம் விருதுகளில் சிறந்த அறிமுக கேம் விருது அதற்குக் கிடைத்தது. சுயாதீன கேம்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் முதன்மைப் பரிசும் அதற்கே. செய்தவர்கள் டொரண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ்.

அதைப் பார்த்த பிறகு நம் ஊரில் கேம் செய்யும் பிள்ளைகளுக்கு ஒரு தெம்பு வந்திருக்கிறது. கேமை முடிப்பது எப்படி என்று சொல்லித்தர இணையத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். முடித்த கேமை கன்சோல் கடையில் எப்படி விற்பது என்று தமிழில் சொல்ல ஆள் குறைவு. இந்த வழிகாட்டி அதற்காக.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விலை, விளம்பரம், வெளியீட்டுத் தேதி என்பவை தனித்தனி வேலைகள் இல்லை. ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் அசையும். கேம் பாதி முடியும்போதே மூன்றையும் சேர்த்து வைத்து யோசித்துவிட வேண்டும். 'முதலில் முடிப்போம், விலையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டால், நல்ல கேமும் கவனிப்பாரின்றிப் போகும்.

பேச வசதியாக ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். மதுரை திருநகரில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து மூன்று பேர் இரண்டு ஆண்டு உழைக்கிறார்கள். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த தம்பியைத் தேடும் ஓர் அக்காவின் கதை. மூன்று மணி நேரம் ஓடும். இந்தக் கேமை வைத்தே கணக்குப் போடுவோம்.

படி 1: கடைக்காரர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கன்சோலில் டவுன்லோட் கேம் விற்க மூன்றே கடைகள். சோனியின் பிளேஸ்டேஷன் ஸ்டோர், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஸ்டோர், நிண்டெண்டோ ஈஷாப். கணினியில் ஸ்டீம் என்ற பெரிய இணையக் கடை பிடிக்காவிட்டால் வேறு கடை தேடலாம்; உங்கள் சொந்தத் தளத்திலேயேகூட விற்கலாம். கன்சோலில் அது நடக்காது. பெட்டியை விற்றவரே கடையையும் நடத்துகிறார். ஒவ்வொரு விற்பனையிலும் அவர் பங்கு பொதுவாக 30 சதவீதம்.

இந்தக் கடைகள் எப்படி வளர்ந்தன என்று தெரிந்தால், இன்றைய நடைமுறை ஏன் இப்படி இருக்கிறது என்பதும் புரியும். 2005 இறுதியில் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது அதன் 'லைவ் ஆர்கேட்' கடையில் கேம்கள் மிகக் குறைவு. ஒரு கேமின் அளவு 50 எம்.பி.யைத் தாண்டக்கூடாது. விலை டாலரில் இல்லை, பாயிண்டில் இருந்தது; 80 பாயிண்ட் ஒரு டாலர். 'ஜியோமெட்ரி வார்ஸ்' 400 பாயிண்டுக்கு, அதாவது 5 டாலருக்கு விற்றது. 2008 கோடையில் மைக்ரோசாஃப்ட் ஐந்து கேம்களைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒன்றாக 'சம்மர் ஆஃப் ஆர்கேட்' என்ற பெயரில் இறக்கியது. அதில் 'பிரெய்ட்' 1200 பாயிண்டுக்கு வந்தது. தட்டையான இருபரிமாணப் படம், ஒருவர் தலைமையில் செய்தது, இதற்கு 15 டாலரா என்று பலர் கேட்டார்கள். ஆனாலும் விற்றது. சிறிய டவுன்லோட் கேமுக்கும் 15 டாலர் கேட்கலாம் என்ற துணிச்சல் தொழிலுக்கு வந்ததில் அந்தக் கோடைக்குப் பெரிய பங்கு உண்டு.

அன்று கடைக்குள் நுழைவதுதான் கடினம். நுழைந்துவிட்டால் எல்லார் கண்ணிலும் படும். இன்று நிலைமை நேர்மாறு. 2013இல் மைக்ரோசாஃப்ட் 'ஐடி அட் எக்ஸ்பாக்ஸ்' திட்டத்தை அறிவித்து, பதிப்பாளர் (கேமை வெளியிட்டு விற்றுத்தரும் நிறுவனம்) இல்லாமலேயே தனி ஆட்கள் வெளியிட வழி திறந்தது. மற்ற இருவரும் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். நுழைவது எளிது, கண்ணில் படுவது கடினம். கீழே சொல்லப்போவதில் பெரும்பகுதி, கண்ணில் படுவதற்கான வேலை.

படி 2: பதிவு, கம்பெனி, கருவி

இதை வேகமாகச் சொல்லிவிடலாம். மூன்று கடைக்கும் டெவலப்பர் பதிவு தனித்தனி. பதிவு ஏற்கப்பட்டால் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அதன் பிறகே சோதனைக் கருவியும் ஆவணங்களும் கிடைக்கும். அந்த ஆவணத்தில் உள்ளதை நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில்கூடப் போடக்கூடாது.

மூன்று பேர் சேர்ந்து செய்கிறீர்கள் என்றால் எல்.எல்.பி. (வரம்புள்ள பொறுப்புக் கூட்டாண்மை) அல்லது பிரைவேட் லிமிடெட் ஒன்றைப் பதிந்துவிடுங்கள். கேம் யாருடையது, ஒருவர் விலகினால் என்ன ஆகும் என்று பதிவின்போதே எழுதி வையுங்கள். நட்பில் தொடங்கிய குழுக்கள் உடைவது பெரும்பாலும் பணம் வந்த பிறகுதான்.

எஞ்சின், அதாவது கேமைக் கட்டும் மென்பொருள் பற்றியும் ஒரு வார்த்தை. யூனிட்டியில் கன்சோலுக்கு எடுக்க, பொதுவாகக் கட்டணம் கட்டும் உரிமம் தேவை. கோடோ இலவசம்தான், ஆனால் கன்சோல் ஆவணங்கள் ரகசியம் என்பதால் அதற்கான பகுதி திறந்த மூலத்தில் இல்லை, அதைச் செய்துதரும் நிறுவனத்தை நாட வேண்டும். தமிழ் எழுத்துகளைத் திரையில் காட்டப்போகிறீர்கள் என்றால் முதல் மாதமே சோதித்துவிடுங்கள். 'கொ', 'கௌ' போன்றவற்றில் எழுத்தின் இரு புறமும் குறி வரும். எழுத்து வடிவமைப்பைச் சரியாகக் கையாளாத எஞ்சின் பகுதி அதைப் பிய்த்துப் போட்டுவிடும். யூனிட்டியில் எழுத்தைக் காட்டும் வழக்கமான பகுதியான டெக்ஸ்ட்மெஷ் புரோவில் இந்தச் சிக்கல் உண்டு. அன்ரியலும் கோடோ 4உம் இதைக் கையாள்கின்றன. தமிழ்க் கதை சொல்லும் கேமின் டிரெய்லரில் தமிழ் எழுத்து உடைந்து தெரிந்தால், முதலில் பகிர வேண்டிய நம் மக்களே முகம் சுளிப்பார்கள்.

படி 3: தேர்வும் வயதுச் சான்றும்

கன்சோலில் கேமைப் பதிவேற்றியதும் அது விற்பனைக்கு வந்துவிடாது. ஒவ்வொரு கடைக்கும் ஒரு தொழில்நுட்பத் தேர்வு உண்டு. நிண்டெண்டோ அதை 'லாட்செக்' என்கிறது. கன்ட்ரோலரின் சார்ஜ் தீர்ந்தால் கேம் நிற்கிறதா, சேமிக்கும்போது மின்சாரம் போனால் என்ன ஆகிறது, பயனர் கணக்கு மாறினால் குழப்பம் வருகிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். தோற்றால் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். முதல்முறை செய்பவர்கள் தோற்பது சாதாரணம். அதனால் தேர்வு முடியும் முன் வெளியீட்டுத் தேதியை ஊருக்கு அறிவிக்காதீர்கள். நான் இதில் கண்டிப்பானவன். தேதியைத் தள்ளிவைத்தால் நீங்கள் கூட்டிய கவனம் பாதி கரைந்துவிடும்.

வயதுச் சான்றுக்கு 'ஐயார்க்' என்ற பொது முறை இருக்கிறது. ஒரு கேள்வித்தாளை நிரப்பினால் பல நாடுகளின் சான்றுகள் ஒருசேரக் கிடைக்கும். டவுன்லோட் கேமுக்குக் கட்டணம் இல்லை. உண்மையை அப்படியே நிரப்புங்கள். ஜல்லிக்கட்டுக் காட்சி இருந்தால் மறைக்க வேண்டாம். பின்னால் கண்டுபிடிக்கப்பட்டால் கேம் கடையிலிருந்து இறங்கிவிடும்.

படி 4: விலை

இந்த வழிகாட்டியில் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இது.

விலை சொல்லும்போது 'எவ்வளவுக்கு வாங்குவார்கள்' என்று மட்டும் யோசிக்கிறோம். கடையில் எழுதிய விலைக்கே வாங்குபவர்கள் பெரும்பாலும் முதல் சில வாரங்களில் வாங்கிவிடுவார்கள். அதன் பிறகு வரும் விற்பனையில் பெரும்பங்கு தள்ளுபடி நாட்களில்தான். ஆகவே முதல் விலை என்பது, அடுத்த மூன்று ஆண்டுகளில் நீங்கள் இறங்கப்போகும் படிக்கட்டின் உச்சி. 5 டாலரில் தொடங்கினால் இறங்க இடமே இருக்காது. 14.99இல் தொடங்கினால் 11.99, 9.99, 7.49 என்று நிதானமாக இறங்கலாம்.

மூன்று மணி நேரக் கதைக்கு 14.99 அதிகமா? 'வெண்பா' அதில் பாதி நேரத்துக்கு அதே விலையைக் கேட்டது. மறுபக்கம், 2025 செப்டம்பர் 4 அன்று வந்த 'சில்க்சாங்' பல பத்து மணி நேரம் ஓடும் பெரிய கேம். அதன் விலை 19.99 டாலர்தான். அதைப் பார்த்துவிட்டு மற்ற சிறு கேம்களின் விலையைக் குறை சொல்பவர்கள் வருவார்கள். பதற வேண்டாம். மணி நேரத்துக்கு இத்தனை ரூபாய் என்று கதை கேமை அளக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. கன்சோலில் குறுங்கதை கேமுக்கு இன்னொரு சாதகமும் உண்டு. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குள் ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஒன்றரை மணி நேரக் கேமுக்கு அது உறுத்தல்தான். பிளேஸ்டேஷன் ஸ்டோரில் டவுன்லோட் தொடங்கிவிட்டால் பொதுவாகத் திருப்பித் தர மாட்டார்கள். நிண்டெண்டோவில் வாங்கினது வாங்கினதுதான்.

இப்போது கைக்கு எவ்வளவு வரும் என்று பார்ப்போம். அமெரிக்காவில் 14.99 டாலர் என்பது வரி சேராத விலை. கடையின் 30 சதவீதம் போனால் 10.49. ஜெர்மனியில் 14.99 யூரோ என்று போட்டால் அதற்குள்ளேயே 19 சதவீத வரி இருக்கிறது. வரி போக 12.60; கடைப் பங்கு போக 8.82. இந்தியாவில் எழுதும் விலையிலும் வரி உள்ளடக்கம். டவுன்லோட் கேமுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம்.

இந்திய விலையை எப்படி வைப்பது? டாலரை 85 ரூபாய் என்று வைத்தாலே 14.99 டாலர் 1,274 ரூபாய். மேலே வரி சேர்த்தால் 1,500ஐத் தொடும். இதை அப்படியே போட்டால் நம் ஊரில் யாரும் வாங்க மாட்டார்கள். சோனியின் பெரிய கேம் இங்கே 4,999 ரூபாய். அதை வாங்கும் மதுரைப் பையன் பெரும்பாலும் டிஸ்க்காகத்தான் வாங்குகிறான். ஆடி முடித்ததும் விற்கலாம், இல்லை மாற்றிக்கொள்ளலாம், பாதிப் பணம் திரும்பும். டவுன்லோட் கேமுக்கு மறுவிற்பனை கிடையாது. அவன் மனக்கணக்கில் உங்கள் கேம் போட்டியிடுவது அந்தப் பாதிப் பணத்தோடு.

என் பரிந்துரை 799 ரூபாய். வரி போக 677, கடைப் பங்கு போக 474 உங்களுக்கு. பாதி விலைத் தள்ளுபடியில் 399 என்று போட்டால் 237 வரும். ஆயிரத்துக்குக் கீழே இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கே நிறையப் பேர், குறிப்பாக மாணவர்கள், அப்பாவின் கார்டையும் அவர் போனுக்கு வரும் ஓ.டி.பி.யையும் கேட்கக் கூச்சப்பட்டு, கடை வாலட்டில் பணம் ஏற்றும் கிஃப்ட் கார்டு வாங்குகிறார்கள். பெரிய கேம் வாங்கியது போக வாலட்டில் எஞ்சி நிற்கும் சில நூறு ரூபாயில் அடங்கும் விலை, தள்ளுபடி நாளில் நன்றாக ஓடும்.

இந்திய விலை குறைவு என்பதால் வெளிநாட்டார் இந்தியக் கணக்குத் தொடங்கி வாங்கிவிடுவார்களே என்ற பயம் உண்டு. கொஞ்சம் நடக்கும். அதற்காக நம் ஊர்க்காரனிடம் அமெரிக்க விலை கேட்பது நியாயமில்லை. ஆனால் ஒரேயடியாக 99 ரூபாய் என்று போடவும் கூடாது. நிண்டெண்டோவைப் பொறுத்தவரை இந்தியாவுக்கென ரூபாய் ஈஷாப் கிடையாது. நம் ஊரில் ஸ்விட்ச் வைத்திருப்பவர்கள் வேறு நாட்டுக் கணக்கில்தான் வாங்குகிறார்கள். அந்த நாட்டுக்கு நீங்கள் வைக்கும் விலையே அவர்களுக்கும் விலை.

இனி முதலுக்குக் கணக்கு. மூன்று பேர், ஆளுக்கு மாதம் 30,000, 24 மாதம் என்றால் 21,60,000 ரூபாய். இசை, குரல், உரிமம், கருவி எல்லாம் சேர்த்து 25 லட்சம் என்று வையுங்கள். தள்ளுபடி, நாடு, வரி எல்லாம் கலந்து ஒரு பிரதிக்குச் சராசரி 400 ரூபாய் கைக்கு வருவதாகக் கொண்டால், போட்ட முதலை எடுக்க 6,250 பிரதி விற்க வேண்டும். 14.99 டாலருக்குக் கணக்கிட்ட பிறகும் சராசரி 400தானா என்று கேட்பீர்கள். ஆயுள் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் தள்ளுபடி விற்பனை சராசரியை அப்படித்தான் இழுத்துவரும் என்று எச்சரிக்கையாக வைத்துக்கொள்வது நல்லது. எண்ணிக்கையை எழுதி, எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். பதிப்பாளர் ஒருவர் வந்து, கடைப் பங்கு போன மீதியில் பாதி கேட்டால், அவர் எத்தனை பிரதி கூடுதலாக விற்றுத்தர வேண்டும் என்பது அந்தத் தாளைப் பார்த்தாலே தெரியும்.

படி 5: வெளியீட்டுக்கு முந்தைய விளம்பரம்

கன்சோல் விளம்பரத்தின் மையப்பொருள் விஷ்லிஸ்ட். ஒருவர் உங்கள் கேமைத் தன் விருப்பப் பட்டியலில் சேர்த்தால், வெளியாகும்போதும் தள்ளுபடி வரும்போதும் கடையே அவருக்குத் தகவல் அனுப்பும். செலவில்லாத விளம்பரம் அது; ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும். எனவே கடைப் பக்கத்தை எவ்வளவு சீக்கிரம் திறக்க முடியுமோ அவ்வளவு சீக்கிரம் திறங்கள். டிரெய்லர், பேட்டி, இன்ஸ்டாகிராம் ரீல் எதுவானாலும் கடைசியில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: விஷ்லிஸ்டில் சேருங்கள். லைக் கேட்பதால் எதுவும் விற்காது.

டிரெய்லரை ஸ்டுடியோ லோகோவில் தொடங்காதீர்கள். முதல் ஐந்து நொடிக்குள் ஆடும் காட்சி வந்துவிட வேண்டும். அக்கா கூட்டத்துக்குள் நுழைகிறாள், தண்ணீர் பீய்ச்சுகிறார்கள், தம்பியின் கை நழுவுகிறது. அழகர் ஆற்றில் இறங்குவது என்றால் என்னவென்று பிரேசில்காரனுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. கை நழுவியது புரிந்தால் போதும். நம் ஊர்க் கதையை விளக்கி விளக்கிச் சொல்லும் டிரெய்லர்களைவிட, அப்படியே காட்டிவிடுபவை நன்றாக ஓடுகின்றன.

அடுத்தது, கடைக்காரர்களின் சொந்த மேடைகள். லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்துவந்த ஈ3 கண்காட்சி 2023 டிசம்பரில் நிரந்தரமாக மூடப்பட்டது. இன்று கேம் அறிவிப்புகள் நிண்டெண்டோ டைரக்ட், சோனியின் ஸ்டேட் ஆஃப் பிளே, ஜூனில் வரும் எக்ஸ்பாக்ஸ் நிகழ்ச்சி, டிசம்பரில் நடக்கும் கேம் அவார்ட்ஸ் போன்ற ஒளிபரப்புகளில்தான். இதற்குக் கடைக்காரரின் டெவலப்பர் தொடர்பு அலுவலர்களிடம் ஆறேழு மாதம் முன்பே பேசத் தொடங்க வேண்டும். சோனி 2023இல் அறிவித்த 'இந்தியா ஹீரோ புராஜெக்ட்' இந்தியக் குழுக்களுக்குப் பணமும் வழிகாட்டலும் தரும் திட்டம். புனேயின் நாடிங் ஹெட்ஸ் செய்த 'ராஜி' 2020இல் முதலில் ஸ்விட்ச்சில் வந்தது. நிண்டெண்டோவின் சுயாதீன கேம் நிகழ்ச்சியில் அறிவிக்கப்பட்டு அன்றே விற்பனைக்கும் வந்தது. அதற்கு முன் அவர்கள் பொதுமக்களிடம் திரட்டிய நிதி முயற்சி இலக்கை எட்டவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். மேடை கிடைக்க நல்ல கேம் மட்டும் போதாது, கடைக்காரருக்கும் அதனால் ஒரு பயன் இருக்க வேண்டும். 'எங்களிடம் இல்லாத ஒன்று இவர்களிடம் இருக்கிறது' என்று அவர் தன் மேலாளரிடம் சொல்ல முடிய வேண்டும். மதுரைத் திருவிழாவை உள்ளிருந்து காட்டும் கேம் இன்னும் அவர் கடையில் இல்லை. அதுதான் உங்கள் பலம், அதைச் சுருக்காமல் சொல்லுங்கள்.

பத்திரிகையாளர்களுக்கும் யூடியூபர்களுக்கும் இலவச கோடு (கடையில் அடித்தால் கேம் இலவசமாக இறங்கும் குறியீடு) தருவீர்கள். பிளேஸ்டேஷன் கோடு நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்க கோடு இந்தியக் கணக்கில் ஏறாது. பெரிய யூடியூபர் பெயரில் போலி மின்னஞ்சலிலிருந்து ஐந்து பத்து கோடு கேட்பவர்கள் நிறைய வருவார்கள். வாங்கி விற்றுவிடுவார்கள். சேனலின் 'அறிமுகம்' பக்கத்தில் உள்ள முகவரியோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

தமிழ் யூடியூபர்கள் விஷயத்தில் என் எண்ணம் இது: அவர்கள் பார்வையாளர்களில் கன்சோல் வைத்திருப்பவர்கள் கொஞ்சம்தான், போனில் ஆடுபவர்களே அதிகம். ஆனாலும் அவர்களிடம் முதலில் போங்கள். மதுரைத் தமிழில் பேசும் கேமைப் பற்றி அவர்கள் பேசும் சந்தோஷம், சிங்கப்பூர், மலேசியா, கனடா, ஐரோப்பியத் தமிழர் வீடுகள் வரை போகும். அங்கே ஸ்விட்ச் இருக்கிறது, பிளேஸ்டேஷன் இருக்கிறது. உங்கள் முதல் ஆயிரம் பிரதி அங்கிருந்து வரலாம்.

படி 6: எந்த நாளில் இறக்குவது

சித்திரைத் திருவிழாக் கேமைத் திருவிழா நாளில் வெளியிடலாமா என்று ஆசை வரும். ஏப்ரல், மே மாதங்கள் உலகச் சந்தையில் மோசமில்லை, முயலலாம். ஆனால் பொங்கல், தீபாவளியை நம்பி உலக வெளியீட்டை வைக்காதீர்கள். தீபாவளி வரும் அக்டோபர், நவம்பர் மாதங்கள் பெரிய நிறுவனங்கள் தங்கள் பெரிய கேம்களை இறக்கும் காலம். பல நூறு கோடி விளம்பரத்துக்கு நடுவே உங்கள் குரல் கேட்காது.

தேதியை வைத்த பிறகும் கண்ணைத் திறந்து வைத்திருங்கள். 2025 ஆகஸ்ட் 21 அன்று 'சில்க்சாங்' செப்டம்பர் 4இல் வரும் என்று அறிவித்தார்கள். இடையில் இரண்டே வாரம். அந்த வாரத்தில் வரவிருந்த பல சிறு குழுக்கள் தங்கள் தேதியை மாற்றிக்கொண்டன. வெளியான அன்று ஸ்டீம், பிளேஸ்டேஷன், நிண்டெண்டோ, எக்ஸ்பாக்ஸ் கடைகளே திணறின. ஒதுங்கியவர்கள் செய்தது சரி.

கேமின் டவுன்லோட் அளவையும் விளம்பரமாக்குங்கள். 100 ஜி.பி. கேமை 50 எம்.பி.பி.எஸ். ஃபைபரில் இறக்க நாலரை மணி நேரம் ஆகும். மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி இருப்பவருக்கு அது நடக்காத காரியம். உங்கள் கேம் 2 ஜி.பி.க்குள் அடங்கினால் அதைக் கடைப் பக்க விவரத்திலேயே எழுதுங்கள்.

படி 7: தள்ளுபடிப் படிக்கட்டு

முதல் வாரம் 10 சதவீதத் தள்ளுபடி கொடுப்பதில் தவறில்லை. அது விஷ்லிஸ்டில் வைத்தவர்களை அசைக்கும். அதன் பிறகு குறைந்தது மூன்று மாதம் விலையைத் தொடாதீர்கள். முழு விலை கொடுத்து வாங்கியவர் அடுத்த மாதமே பாதி விலையைப் பார்த்தால், உங்கள் அடுத்த கேமைத் தள்ளுபடிக்குக் காத்திருந்துதான் வாங்குவார்.

பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் பெரிய தள்ளுபடி விழாக்களைக் கடைக்காரரே நடத்துகிறார். நீங்கள் பங்கேற்க விண்ணப்பிக்க வேண்டும். கோடையில் ஒன்று, நவம்பர் கடைசியில் பிளாக் ஃப்ரைடே, ஆண்டு முடிவில் ஒன்று என்று ஓடும். நிண்டெண்டோவில் உங்கள் விருப்பத்துக்கு நடத்த இடம் அதிகம். அங்கே ஒரு காலத்தில் அதிகம் விற்றவை வரிசை டவுன்லோட் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் போடப்பட்டது. அதனால் சிலர் கேமைச் சில சென்ட்டுகளுக்கு விற்று, வரிசையில் மேலே ஏறி, பிறகு விலையை ஏற்றினார்கள். அந்த வழியில் போகாதீர்கள். அந்த விலை வரலாறு இணையத்தில் நிரந்தரமாக நிற்கும். 'இது ஒருமுறை இருபது ரூபாய்க்கு வந்தது' என்று எவரோ எப்போதும் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஐரோப்பிய விதி ஒன்று: 2022 மே முதல், தள்ளுபடி அறிவித்தால் முந்தைய 30 நாளின் மிகக் குறைந்த விலையைக் காட்ட வேண்டும். அடுத்தடுத்து தள்ளுபடி வைத்தால் அங்கே உங்கள் தள்ளுபடி சிறியதாகத் தெரியும். ஆகவே இடைவெளி விடுங்கள். முதல் ஆண்டில் 20 சதவீதம், பிறகு 33. இரண்டாம் ஆண்டில் 50. மூன்றாம் ஆண்டில்தான் அதற்கு மேல். புதிய அத்தியாயமோ கூடுதல் மொழியோ சேர்க்கும் நாளைத் தள்ளுபடியோடு ஒட்டி வைத்தால், பேச ஒரு செய்தியும் கிடைக்கும்.

படி 8: சந்தாவில் சேர அழைப்பு வந்தால்

சந்தா கட்டினால் பல கேம்களை ஆடவிடும் சேவைகள் இருக்கின்றன. எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் 2017இல் தொடங்கியது. பிளேஸ்டேஷன் பிளஸ் 2010 முதல் இருக்கிறது. 2022இல் மூன்று அடுக்காக மாறியது. சந்தாதாரருக்கு உங்கள் கேமைத் தர, கடைக்காரர் ஒரு தொகை பேசுவார். 2015 ஜூலையில் 'ராக்கெட் லீக்', 2020 ஆகஸ்டில் 'ஃபால் கைஸ்' இரண்டும் பிளஸ் வழியாக வந்து உலகம் முழுக்கப் பரவின. அவை பலர் சேர்ந்து ஆடும் கேம்கள். ஆள் கூடக்கூட மதிப்பு கூடும், பின்னால் கேமுக்குள் பொருள் விற்றும் சம்பாதிக்கலாம். ஒருமுறை ஆடி முடியும் கதை கேமுக்கு அந்தக் கணக்கு ஓடாது. சந்தாவில் ஆடியவர் மறுபடி வாங்க மாட்டார்.

அப்படியானால் மறுப்பதா? இல்லை. 6,250 பிரதி என்று ஒட்டிவைத்த தாளை எடுங்கள். வரும் தொகை போட்ட முதலில் பாதிக்கு மேல் ஈடுகட்டினால் ஏற்றுக்கொள்வேன். மூன்று பேரின் அடுத்த ஆண்டுச் சம்பளம் கையில் இருப்பது பெரிய விஷயம். 'வெண்பா' முதல் நாளே கேம் பாஸில் இருந்தது. முதலில் பாதிக்கும் குறைவாகப் பேசினால், முதல் ஆண்டு விற்ற பிறகு வருகிறோம் என்று மரியாதையாகச் சொல்லலாம்.

படி 9: பணம் ஊர் வந்து சேர

அமெரிக்காவில் விற்றதற்கான பங்கு அந்நாட்டில் ராயல்டியாகக் கணக்கிடப்படும். உரிய படிவத்தை நிரப்பாவிட்டால் 30 சதவீதம் வரியாகப் பிடிப்பார்கள். தனி ஆளுக்கு டபிள்யூ-8பென், நிறுவனத்துக்கு டபிள்யூ-8பென்-இ படிவம். அதில் பான் எண்ணைக் கொடுத்து இந்திய அமெரிக்க வரி ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டால் 15 சதவீதமாகும். 10.49 டாலரில் 1.57 போய் 8.92 மிஞ்சும். பிடித்த வரியை இங்கே கட்டும் வரியில் கழித்துக்கொள்ளலாம்; அதற்குத் தனிப் படிவம் உண்டு. கேம் தொழில் தெரியாத ஆடிட்டராக இருந்தாலும் பரவாயில்லை, ஏற்றுமதி பார்த்தவராக இருக்கட்டும். சுங்குடிப் புடவையும் மல்லிகையும் வெளிநாட்டுக்கு அனுப்புபவர்களுக்குக் கணக்கு எழுதும் ஆடிட்டர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். வெளிநாட்டுப் பணம் எதற்காக வந்தது என்று வங்கி கேட்கும் பர்ப்பஸ் கோடு, ஏற்றுமதிக்கு ஜி.எஸ்.டி. கட்டாமல் அனுப்ப எல்.யு.டி. என்ற உறுதிமொழிப் பத்திரம் எல்லாம் அவர்களுக்குப் பழக்கம்.

கடைகள் விற்றவுடன் பணம் அனுப்புவதில்லை. மாதக் கணக்கோ காலாண்டுக் கணக்கோ முடிந்து, அதன் பிறகுதான் வரும். வெளியீட்டுக்குப் பின் குறைந்தது நான்கு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டுதான் தேதி குறிக்க வேண்டும்.

படி 10: கேம் கடையில் நிலைத்து நிற்க

டவுன்லோட் கேம் ஒருநாள் கடையிலிருந்து காணாமல் போகலாம். கடையே மூடுவது நம் கையில் இல்லை. நிண்டெண்டோவின் பழைய கருவிகளான வீ யூ, 3டிஎஸ் ஈஷாப்களில் விற்பனை 2023 மார்ச்சில் நின்றது, எக்ஸ்பாக்ஸ் 360 ஸ்டோர் 2024 ஜூலையில் மூடியது. கேமில் சேர்த்த பாடல் போன்றவற்றின் உரிமம் முடிந்து கேம் இறங்குவது மட்டும் நம்மால் தடுக்கக்கூடியது. 'ஸ்காட் பில்கிரிம்' கேம் 2010இல் வந்து, 2014 இறுதியில் கடைகளிலிருந்து இறங்கி, 2021 ஜனவரியில்தான் திரும்பியது. நடுவில் ஆறு ஆண்டு யாராலும் வாங்க முடியவில்லை.

உங்கள் கேமில் தவில், நாகசுரம், ஒப்பாரி, கும்மி எல்லாம் இருக்கும். கலைஞரை வீட்டுக்கு அழைத்து, வாசிக்கச் சொல்லி, கையில் பணம் கொடுத்து அனுப்புவதோடு முடித்துவிடாதீர்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவின்படி, உரிமையை மாற்றும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் அது ஐந்து ஆண்டுக்கு மட்டுமே என்று கொள்ளப்படும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். இரண்டையும் எழுதாமல் விட்டால், ஸ்விட்ச்சில் அமெரிக்காவில் விற்பதற்கு உங்களுக்கு உரிமையே இல்லை என்றாகிவிடும். ஆறாம் ஆண்டில் இந்தியாவிலும் இல்லை. எனவே ஒரு பக்க ஒப்பந்தம் தமிழில் எழுதுங்கள். எந்தப் பாடல், எந்தப் பதிவு, உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முழுவதும், எல்லாக் கருவிகளிலும், டிரெய்லரிலும் என்று தெளிவாக இருக்கட்டும். கொடுத்த தொகையையும், கேம் நன்றாக விற்றால் மேலும் எவ்வளவு தருவீர்கள் என்பதையும் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியை அவரிடமே கொடுத்துவிடுங்கள். கேமின் இறுதிப் பட்டியலில் அவர் பெயரையும் ஊரையும் போடுங்கள். பதிவு செய்யும் நாளுக்கு முன்பே இந்தத் தாள் தயாராக இருக்க வேண்டும்.